உருளையின் விலையும் உலையின் கணக்கும்

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று அரிசியைக் கால் கிலோவாகவும், நல்லெண்ணெயை நூறு மில்லியாகவும், பருப்பைப் பத்து ரூபாய்ப் பொட்டலமாகவும் அன்றன்று வாங்கிக் காலம் தள்ள இயலும். சமையல் எரிவாயுவை மட்டும் 14.2 கிலோவாக, ஒரே நாளில், முழுத் தொகையையும் எண்ணி வைத்துத்தான் வாங்கியாக வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுவதைத் தாங்கிக்கொள்ளும் கூலிக் குடும்பம்கூட, பதிவு செய்த உருளை வாசலுக்கு வந்து நிற்கும் காலைப் பொழுதில் தொள்ளாயிரம் ரூபாய்க்குத் தடுமாறுவது இதனால்தான். பில் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணம் அடங்கியிருந்தும், மாடிக்குத் தூக்கிய கூலி என்று முப்பதோ ஐம்பதோ தனியே கேட்கப்படுவதும் அந்தப் பொழுதின் சுமையோடு சேர்ந்துகொள்கிறது. முகவரிச் சான்று பெரிதாகக் கேட்காமல் சந்தை விலைக்கு விற்கப்படும் 5 கிலோ சிறு உருளை இதற்கு மாற்றுப்போலத் தோன்றினாலும், கிலோவுக்கு என்று கணக்கிட்டால் அதன் விலை வீட்டு உருளையைவிடக் கூடுதலானது. கையில் குறைவாகப் பணம் உள்ளவர், அதாவது ஒற்றை அறையில் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளர், கூடுதல் விலை கொடுக்கும் நிலை அதில் அமைந்துவிடுகிறது. எரிவாயு விலை உயர்வை ஒரு குடும்பம் சமாளிக்கிறது என்று சொல்லப்படும்போது, அது ரூபாயில் கொடுக்க முடியாததை நேரமாகவும் உடலுழைப்பாகவும் மூச்சாகவும் கொடுக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். ஆகவே எந்தச் சிக்கன வழியையும் ரூபாய்க் கணக்கு, அடுப்படியில் நிற்பவரின் கணக்கு என்னும் இரண்டிலும் நிறுத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம்.

உருளைக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தில் திரவமாக்கப்பட்டிருப்பதால் அதற்குத் திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு என்று பெயர். இயல்பில் மணமற்ற அந்த வாயுவில், கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருள் சேர்க்கப்படுகிறது. இந்தியா தன் தேவையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை இறக்குமதி செய்கிறது. உள்நாட்டு விலைக்கு அடிப்படையாக இருப்பது சவூதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலை. உலகமே முடங்கிக் கிடந்த 2020 ஏப்ரலில் டன்னுக்கு 230 முதல் 240 டாலர் வரை இருந்த அந்த விலை, உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 ஏப்ரலில் 940 முதல் 960 டாலர் வரை ஏறியது. சென்னையில் 2020 மே மாதத்தில் 569.50 ரூபாயாக இருந்த வீட்டு உருளை 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாயைத் தொட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் இருநூறும், 2024 மார்ச்சில் நூறும் குறைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் ஐம்பது கூட்டப்பட்டதில் 868.50 ஆயிற்று. பன்னாட்டு விலை நான்கு மடங்கான காலத்தில் உள்நாட்டு விலை இரண்டு மடங்கோடு நின்றதற்கு, எண்ணெய் நிறுவனங்கள் இழப்பை ஏற்றதும், அதற்கு ஈடாக 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 22,000 கோடி ரூபாய் வழங்கியதும் காரணங்கள்.

இங்கே பலருக்கு நினைவில்லாத ஒரு செய்தி உண்டு. முழு விலையைக் கொடுத்து உருளையை வாங்கியபின் மானியத்தை வங்கிக் கணக்கில் பெறும் நேரடி மானிய முறை 2015 சனவரி முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2020 மே மாதத்தில் சந்தை விலை வீழ்ந்து மானிய விலையோடு ஒன்றானபோது, கொடுக்க ஒன்றுமில்லை என்பதால் வரவு ஏறத்தாழ நின்றது. பின்னர் விலை ஏறியபோது நின்றது திரும்ப வரவில்லை. நிறுத்தம் அறிவிக்கப்படாமலே ஒரு மானியம் மறைந்துபோன இந்த விதம், விலை உயர்வின் ஒரு பகுதியை உலகச் சந்தையின் தலையில் போட்டுவிட இயலாது என்பதைக் காட்டுகிறது. உஜ்வலா திட்டத்தின் கீழ் இணைப்புப் பெற்ற ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் 2022 மே முதல் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியம் கிடைத்தது. அப்படியிருந்தும் 2023-24ஆம் ஆண்டில் அக்குடும்பங்கள் சராசரியாக வாங்கியது நான்கு உருளைக்கும் குறைவு. தமிழ்நாட்டில் 2006 தேர்தலை அடுத்து அரசே இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியது. 2021 தேர்தலில் தி.மு.க. உருளைக்கு நூறு ரூபாய் மானியம் என்றும், அ.தி.மு.க. ஆண்டுக்கு ஆறு உருளை இலவசம் என்றும் வாக்குறுதி அளிக்கும் அளவுக்கு இது அரசியல் பொருளாகவும் இருந்துவருகிறது. அடுப்பைக் கொடுப்பது ஒருமுறைச் செலவு. அதை எரிய வைப்பது ஆயுட்காலச் செலவு.

அடுப்படிக்குள் இனி நுழையலாம். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 45 மெகாஜூல் வெப்பம் வெளிப்படும். மெகாஜூல் என்பது பத்து லட்சம் ஜூல் கொண்ட வெப்ப அளவு. அடுப்பிலிருந்து வெளிப்படும் வெப்பத்தில் பாத்திரத்துக்குள் சேரும் பங்கைப் பயனுறு திறன் என்பர். இந்தியத் தர நிறுவனம் வீட்டு அடுப்புக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சத் திறன் 68 விழுக்காடு என்றாலும், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, துளை அடைத்த பர்னரும் சுடரைவிடச் சிறிய பாத்திரமும் உள்ள வீட்டில், அறுபது என்று கொள்வதே நியாயம். உருளை 868.50 ரூபாய் என்றால் ஒரு கிலோ வாயு 61 ரூபாய். இந்தக் கணக்கில் ஒரு லிட்டர்த் தண்ணீரை முப்பது பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 65 காசு செலவாகிறது. அதே ஒரு லிட்டரைக் கொதிக்கவிட்டு முழுவதும் ஆவியாக்கினால் மேலும் ஐந்து ரூபாய் செலவாகிறது. தண்ணீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஏழரை மடங்குக்கு மேலான வெப்பம் அதை ஆவியாக்கத் தேவைப்படுவதே காரணம். வெப்பநிலையை உயர்த்தாமல் நிலையை மட்டும் மாற்றுவதில் செலவாகும் அந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இந்த ஒற்றை உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், சிக்கனத்துக்கென்று சொல்லப்படும் அறிவுரைகளில் எது பயன் தரும், எது தராது என்பது தெளிவாகும். கொதி வந்தபின் சுடரைக் கூட்டுவதால் சோறு விரைவில் வேகாது. திறந்த பாத்திரத்துத் தண்ணீர் நூறு பாகைக்கு மேல் சூடேறாது என்பதால், கூட்டிய சுடர் முழுதும் ஆவியாகவே கூரைக்குப் போகிறது. ஆகவே கொதி வரும்வரை பெருஞ்சுடர், வந்தபின் சிம்மில் வைத்து மூடி போடுதல் என்னும் பழக்கம் ஒன்றே மற்ற பல உத்திகளையும்விடப் பெரிது. சோற்றை வடிப்பது வீண் என்று குக்கர் பரவிய காலத்தில் பலர் பழித்ததுண்டு. வடித்து ஊற்றும் ஒரு லிட்டர்க் கஞ்சியில் போவது அறுபத்தைந்து காசு வெப்பம், அதையும் உப்புப் போட்டுக் குடிக்கும் வீட்டில் அதுகூட நட்டமில்லை. நட்டம் மூடியில்லாமல் தளதளவென்று அரைமணி நேரம் கொதிக்கவிடுவதில் இருக்கிறது. ரசம் நுரைத்து எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிடலாகாது என்று பாட்டிமார் மணத்துக்காகச் சொன்ன விதி எரிபொருள் கணக்கிலும் சரியாக வருகிறது. மாறாக, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்ட வைக்கும் வத்தக்குழம்பு, ரூபாய் நோட்டை ஆவியில் பிடித்துச் செய்யும் பண்டம் என்பதை அதன் சுவைக்கு அடிமையானவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குக்கர் பற்றியும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மூடிய கலத்தில் ஆவியின் அழுத்தம் ஏறும்போது கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்வதால் பருப்பும் கடலையும் விரைந்து வேகின்றன. வேக வைப்பது அந்த உயர்ந்த வெப்பநிலையே அன்றி விசில் அன்று. விசில் என்பது தேவைக்கு மேற்பட்ட ஆவி வெளியேறும் ஒலி, அதாவது உள்ளுறை வெப்பம் வெளியே போகும் ஒலி. மூன்று விசில், ஐந்து விசில் என்று தமிழ்ச் சமையல் குறிப்புகள் எண்ணிச் சொல்வது வீணாகும் அளவை வைத்து வெந்த அளவை மதிப்பிடும் வழக்கம். முதல் விசிலோடு சுடரைத் தணித்துக் கடிகாரத்தைப் பார்த்து அணைப்பவருக்கு அதே பருப்பு குறைந்த வாயுவில் குழையும். கொண்டைக்கடலையை இரவே ஊற வைப்பதும், பருப்பை அரைமணி நேரம் நனைத்து வைப்பதும் வேகும் நேரத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன. இட்லியும் தோசையும் ஒரே மாவிலிருந்து பிறந்தாலும் எரிவாயுவின் முன் அவை சமமல்ல: நான்கு தட்டு இட்லிப்பானையில் ஒரே ஆவி பதினாறு இட்லியை வேக வைக்கிறது, தோசைக் கல்லோ ஒவ்வொரு தோசைக்கும் தனியே காய்கிறது, அதன் அகன்ற முகம் இடைவிடாமல் வெப்பத்தைக் காற்றில் இழக்கிறது.

வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கும் முறைகள் இந்நிலத்துக்குப் புதியனவல்ல. விறகடுப்புக் காலத்தில் பெரிய அடுப்பின் பக்கத்தே துளை விட்டுக் கட்டப்பட்ட கொடியடுப்பு, முதல் பானையைத் தாண்டிச் செல்லும் அனலை இரண்டாம் பானைக்குக் கொடுத்தது. குழம்பு அதிலேயே கொதித்தது, வெந்நீர் அதிலேயே காய்ந்தது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய சூடாறாப்பெட்டி இன்னொரு வகை. கொதி வந்து சில நிமிடமான அரிசிப் பாத்திரத்தை வெப்பம் கடத்தாத பொருள் பொதிந்த பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், மேற்கொண்டு சுடரே இல்லாமல் சோறு தானாக வெந்துவிடும். இம்முறை ரூபாய்க் கணக்கிலும் அடுப்படியில் நிற்பவரின் கணக்கிலும் ஒருசேர இலாபம் தருவது. அடுப்பருகே நிற்க வேண்டிய நேரத்தையும் அது திருப்பித் தருகிறது. தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளில் தெர்மல் குக்கர் என்ற பெயரில் கிடைக்கும் இதன் எஃகு வடிவம் இன்னும் பரவலாகாததற்கு, குழைந்த சோறு என்னும் குறை சொல்லப்படுகிறது. அரிசியின் வகைக்கேற்ப நேரத்தைப் பழகிக்கொண்டால் நீங்கும் குறைதான் அது.

இதற்கு நேர்மாறானவை உருளையின் கடைசிக் கால் கிலோவைப் பிழிந்தெடுக்கச் செய்யப்படும் முயற்சிகள். ஈரத்துணியால் உருளையைத் துடைத்து, எந்த மட்டம் வரை ஈரம் உலராமல் நிற்கிறதோ அதுவரை திரவம் இருக்கிறது என்று அறியும் வழக்கம் பயனுள்ளது, ஆபத்தற்றது. உருளையைச் சாய்த்தோ படுக்க வைத்தோ எரிப்பது அப்படியன்று. வாயுவாக வெளிவர வேண்டியது திரவமாகவே ரெகுலேட்டருக்குள் நுழைந்து, பர்னரில் சுடர் திடீரென்று சீறி எழக்கூடும். வெந்நீரில் நிறுத்தி வைப்பதும் உள்ளழுத்தத்தை உயர்த்தும் விளையாட்டு. உதகை போன்ற குளிர்நிலத்தில் கடைசி நாள்களில் சுடர் தளர்வதற்கு, எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முன்னதாகவே தீர்ந்து, சுழியப் பாகையை ஒட்டியே ஆவியாகும் பியூட்டேன் அடியில் மிஞ்சுவது ஒரு காரணம். உருளையில் வாயு குறைவாக இருக்குமோ என்னும் ஐயத்துக்குப் பரிகாரம் வாங்கும்போதே இருக்கிறது: வெற்று உருளையின் எடை அதன் மேல் பொறிக்கப்பட்டிருக்கும், அதனோடு 14.2ஐக் கூட்டி, கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டக் கேட்பது நுகர்வோரின் உரிமை. ஐந்தாண்டு கழிந்த ரப்பர் குழாயை மாற்றாமல் இருப்பது சிக்கனத்தில் சேராது.

எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் இண்டக்‌ஷன் அடுப்பு பேசப்படுகிறது. காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்கும் இவ்வடுப்பின் பயனுறு திறன் 85 விழுக்காடு அளவில் இருப்பதால், 868.50 ரூபாய் உருளையோடு ஒப்பிட்டால், மின்சாரம் அலகுக்கு ஏழு ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருக்கும்வரை மின்னடுப்பே மலிவு. ஆனால் தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஒரே விலையில் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்பட்டு, முதல் நூறு அலகு இலவசமாகவும், அதன்பின் தட்டுத் தட்டாக உயர்வதாகவும் அமைந்திருக்கிறது. 2024 சூலைத் திருத்தத்தின்படி 400 அலகு வரை 4.80 ரூபாய், 401 முதல் 500 வரை 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55 ரூபாய். நாற்பத்தைந்து நாளைக்கு ஓர் உருளை செலவிடும் குடும்பம் சமையல் முழுவதையும் மின்சாரத்துக்கு மாற்றினால் இருமாதக் கணக்கில் ஏறத்தாழ 170 அலகு கூடும். முன்பு 250 அலகு ஓடிய வீடு 420இல் நின்று இலாபம் காணும். 400 ஓடிய வீடு 570க்குப் போய், மேல்தட்டு விலையையும் கொடுத்து, ஐந்நூறைத் தாண்டியதால் கீழ்த்தட்டுச் சலுகையில் ஒரு பகுதியையும் இழக்கும். ஆகவே அக்கம்பக்கத்தார் சொல்லைக் கேட்டு வாங்கும் முன், முந்தைய மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை. பால் காய்ச்சுதல், வெந்நீர், குக்கர் ஆகியவற்றை மட்டும் மின்னடுப்புக்குத் தள்ளி, தாளிப்பும் தோசையும் எரிவாயுவில் நடத்தும் கலப்பு முறை நடுத்தர வீடுகள் பலவற்றுக்குப் பொருந்தும். வாடகை வீட்டில், வீட்டுக்காரர் துணைமீட்டர் வைத்து அலகுக்கு ஒரே விலை நிர்ணயித்திருந்தால், இந்தக் கணக்கு முழுதும் மாறிவிடும்.

மின்சாரத்தை மட்டும் நம்புவதன் வரம்பை இலங்கை கண்டது. அங்கே 2021 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ உருளை 1,493 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 2,750 ரூபாய்க்குப் போயிற்று; 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆயிற்று, அந்த விலைக்கும் கிடைக்காமல் வெற்று உருளைகளை வரிசையில் வைத்துவிட்டு மக்கள் காத்துக்கிடந்தனர். அதே 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அந்நியச் செலாவணி தீர்ந்த நாட்டில் எரிவாயுவும் மின்சாரமும் மண்ணெண்ணெயும் ஒன்றாகவே வற்றியபோது, கொழும்பு மாடி வீடுகளிலும் யாழ்ப்பாணத்து முற்றங்களிலும் எஞ்சிய வழி விறகு ஒன்றே.

விறகுக்குத் திரும்புவதைச் செலவற்ற தீர்வாகக் கருதுவோர் உண்டு. இராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலமும், தென்னந்தோப்பு ஊர்களின் மட்டையும் பாளையும் காசு கேட்பதில்லைதான். ஆனால் மூன்று கல் அடுப்பின் பயனுறு திறன் பதினைந்து விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. ஓர் எரிவாயு உருளை செய்யும் வேலையைச் செய்ய அவ்வடுப்பில் 150 கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு எரிய வேண்டும். தலைச்சுமைக்கு இருபது கிலோ என்றால் எட்டுச் சுமை. முள்ளை வெட்டி, காயப்போட்டு, கட்டித் தூக்கி வந்து, ஊதி ஊதி எரிய வைத்து, கரி பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது வரையிலான உழைப்புக்கு வீட்டுச் செலவுக் கணக்கில் நிரல் இல்லை. நூறுநாள் வேலைக் கூலியை அளவாக வைத்து அந்த நேரத்தை மதிப்பிட்டால், இலவச விறகு எரிவாயுவைவிட விலை கூடியதாகவே தேறும். புகையில் கலந்திருக்கும் நுண்துகள் நுரையீரலில் தங்குவதன் விலை அதற்கும் மேல். ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வடிவமைத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்திரா குழு பின்னர் அதனினும் திறனுள்ள அடுப்பை உருவாக்கியது. மீண்டும் விறகு எரியும் வீடுகளுக்கு இத்தகைய அடுப்பையாவது கொண்டுபோய்ச் சேர்ப்பதே நேர்மையானது. எரிவாயு இணைப்புக் கொடுத்தாயிற்று என்று கணக்கை மூடிவிடுவதால் புகை நிற்பதில்லை.

வீட்டுக்கு வெளியே, டீக்கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் பயன்படுத்தும் 19 கிலோ வணிக உருளைக்கு மானியம் கிடையாது, வீட்டு உருளைக்கு 5 விழுக்காடாக உள்ள சரக்கு சேவை வரி அதற்கு 18 விழுக்காடு. அதன் விலை மாதத்தின் முதல் நாளில் மாறிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் அதை டீ விலையில் உடனே ஏற்ற முடியாமல் டம்ளரைச் சிறிதாக்குகிறார், பிறகு ஒரு நாள் சேர்த்து ஏற்றுகிறார். அவருக்காவது ஏற்றுவதற்கு ஒரு விலை இருக்கிறது.

எரிபொருள் சிக்கனத்தில் மிகப் பெரியதும் அவ்வாறு யாராலும் அழைக்கப்படாததும் பொதுச் சமையல். பாத்திரம் பெரிதாகும்போது அதன் கொள்ளளவு விரைந்து கூடுகிறது, வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு அவ்வளவு விரைவில் கூடுவதில்லை. ஆதலால் இருநூறு பேருக்கு ஓர் அண்டாவில் பொங்குவதற்கு, ஐம்பது வீட்டில் ஐம்பது பானை வைப்பதைவிட ஆளுக்குக் குறைந்த எரிபொருள் போதும். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2013இல் சென்னையில் தொடங்கி இட்லியை ஒரு ரூபாய்க்கு விற்ற அம்மா உணவகமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டமும் ஊட்டச்சத்துத் திட்டங்களாகவும் நலத்திட்டங்களாகவுமே பேசப்படுகின்றன. பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில், காலை ஆறு மணிக்கு ஏற்ற வேண்டிய ஓர் அடுப்பு ஏறாமலிருக்கிறது. வேலைக்குப் புறப்படும் தாய்க்கு முக்கால் மணி நேரம் மிஞ்சுகிறது. எரிவாயு மானியத்துக்கு ஒதுக்கும் ஒரு ரூபாயையும் பொதுச் சமையலுக்கு ஒதுக்கும் ஒரு ரூபாயையும் அருகருகே வைத்து, இரண்டில் எது வீட்டு உருளையைக் கூடுதல் நாள் ஓட்டுகிறது என்று அளந்து பார்ப்பது நிதித்துறையினர் செய்யத்தக்க வேலை. அவ்வாறு அளப்பவர் சனி ஞாயிறுகளையும் கோடை விடுமுறையையும் கழித்துக்கொண்டே கணக்கிட வேண்டும். அந்த நாள்களில் பள்ளிச் சமையற்கூடம் பூட்டியிருக்கிறது, பிள்ளைகளின் மூன்று வேளையும் வீட்டு உருளையின் மேல் விழுகிறது.